ஒரு வாய்த் தண்ணீர்

எங்கள் பேருந்து நிலையத்து மைக்காரரைக் கேட்காதவர் கிடையாது, பார்த்தவர்தான் குறைவு. இரண்டாவது மாடியில் கண்ணாடி அடைத்த கூண்டு ஒன்று. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு மைக், வண்டி நேரம் எழுதிய பலகை, அப்புறம் அவர். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் ஆரம்பித்தால், மூக்கொழுகி அழுகிற குழந்தைகூட ஒரு நொடி நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கும். அப்படி வழுவழுவென்று வரும் குரல். எந்த மேடை, எத்தனை மணி, எந்த வழி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்த மூச்சு வாங்குவார். பதினெட்டு வருடமாக அப்படி.

நான் நிலையத்து வாசலுக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவன். வாயாடி என்று பெயர் வாங்கியவன். ஆனால் பேச வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரியை விழுங்கிவிட்டேன். அந்த வரியால் வந்த வினைதான் இதெல்லாம். பூசி மெழுகாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மைக்காரரின் வீடு நிலையத்தின் பின்சுவரை ஒட்டிய தெருவில். மூன்று மாடி ஏறினால் ஒற்றை அறையும் சமையல்கட்டும். அவர் மனைவி ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புதுத்துணி தைப்பதில்லை, பழுது வேலைதான். கால்சட்டைக்கு அடி மடிப்பது, ஜிப் மாற்றுவது, இளைத்துப்போனவர்களுக்கு இடுப்பைப் பிடிப்பது, பெருத்துப்போனவர்களுக்குப் பிரித்துவிடுவது. ஜன்னலுக்கு நேர் எதிரே கம்பத்தில் நிலையத்து ஒலிபெருக்கி. புருஷன் குரல் நாள் முழுக்க அவள் மேல்தான் வந்து விழும். பிள்ளை குட்டி கிடையாது. அந்த ஒலிபெருக்கிதான் பேச்சுத்துணை.

ஏனென்றால் மனுஷன் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டார். சண்டை இல்லை, கோபமும் இல்லை. தொண்டையைச் சேர்த்து வைக்கிறாராம். பழைய நேர அட்டவணைத் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதி நீட்டுவார். 'உப்பு கம்மி.' 'நாளை காலை முறை.' 'ஃபேனைக் குறை.' என் கடைக்கு வந்தாலும் இதே கூத்துதான். வரிசையில் நின்று, முறை வந்ததும் சீட்டை நீட்டுவார். புதிதாக வந்தவர்கள் ஊமை என்று நினைத்துப் பரிதாபப்பட்டு வழிவிட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

"ஊருக்கெல்லாம் வாய் வலிக்கப் பேசுறவரு, எனக்கு மட்டும் சீட்டு எழுதுறாருண்ணே," என்று ஒருநாள் அவள் சொல்லிச் சிரித்தாள். "அதுலயும் 'கனிவான'ன்னு ஒரு வார்த்தை போட மாட்டேங்குறாரு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் தனிக்கட்டை. ஷட்டரை இறக்கிவிட்டு மாடியேறினால் சுவரோடுதான் பேச வேண்டும். பகலில் இவ்வளவு வாயாடுவதே அதனால்தானோ என்னவோ.

போன குளிர்காலத்தில் அவருக்கு இழுப்பு வந்தது. கீழே முப்பது வண்டிகள் இன்ஜினை அணைக்காமல் நிற்கின்றன. புகை எல்லாம் மேலே கூண்டுக்குத்தான் போகிறது. வராமல் என்ன செய்யும்? டாக்டர் வாயில் வைத்து இழுக்கிற மருந்துப் பம்பு இரண்டு எழுதிக் கொடுத்தார், ஒன்று நீலம், ஒன்று பழுப்பு. அன்றைக்கு வெளியே கொட்டுகிற மழை, கடைக்குள் ஒதுங்கினவர்கள் கூட்டம். நான் கத்தித்தான் சொன்னேன்: "நீலம் மூச்சு முட்டும்போது மட்டும். பழுப்பு தினமும். காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. நல்லா இருந்தாலும் விடக்கூடாது." அடிக்கிற முறையை ஒரு தடவை செய்து காட்டினேன். தலையாட்டினார். அடித்து முடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் யாரோ ஜலதோஷ மாத்திரை கேட்டார்கள், திரும்பிவிட்டேன். பெட்டிக்குள் இருக்கிற தாளில் எறும்பு சைஸ் எழுத்தில் அது இருக்கிறது. இருந்து?

இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் குரலில் பொடி விழுந்தது. 'கனிவான' என்னும்போது 'கனி' கேட்கும், 'வான' காற்றோடு போகும். சீட்டு வந்தது: 'குரல் கம்முகிறது. என்ன சாப்பிடலாம்?' நான் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கலாம். தொண்டை மிட்டாய் கொடுத்து அனுப்பினேன். நல்ல மருந்துக்கடைக்காரன்!

நிலைய மேலாளர் ஒருநாள் என் கடையில் நின்றுகொண்டே சொன்னார். "கம்ப்ளைன்ட் வருதுங்க. மேடை நம்பரே புரியலைன்னு ஒரு குடும்பம் வண்டியை விட்டுட்டு நின்னுச்சு. ஒரு மாசம் பாப்பேன். சரியாகலைன்னா பார்சல் கிடங்குக்கு மாத்திட வேண்டியதுதான். அங்க பேசற வேலையே இல்ல."

"அங்க தூசி மட்டும்தான் இருக்கு சார். அவருக்கு மூச்சு ஆகாதே."

"அப்ப குரலைச் சரி பண்ணச் சொல்லுங்க," என்றார். தப்பான ஆள் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

இது நடந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு காலையில் கடையைத் திறந்துகொண்டிருக்கிறேன், பழைய குரல் வந்தது. அதே வழுவழுப்பு. அப்பாடா என்றிருந்தது. போவோர் வருவோரிடமெல்லாம், "நான் குடுத்த மிட்டாய் வேலை செஞ்சுடுச்சு" என்று பீற்றிக்கொண்டேன்.

இதற்குப் பிறகுதான் நீலப் பம்பு சீட்டுகள் வர ஆரம்பித்தன. முதலில் மாதம் ஒன்று. அப்புறம் இரண்டே வாரத்தில் இன்னொன்று: 'பழையது தொலைந்துவிட்டது.' பத்து நாளில் அடுத்தது: 'கூண்டில் ஒன்று வைக்க.' பழுப்பும் மாதம் தவறாமல் வாங்கினார். தினமும் அடிக்கிற பழுப்பு ஒழுங்காகத் தீர்கிறதே, என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது என்று நான் இருந்துவிட்டேன்.

புழுதிக்காற்று அடிக்கிற ஒரு மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. புருஷனின் பழுப்புப் பம்பை மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணே, இதுக்குள்ள மருந்து இருக்கா, வெறும் காத்தா?"

எடுத்துப் பின்பக்கத்தில் எண் தெரிகிற சின்ன ஜன்னலைப் பார்த்தேன். "அறுபத்துநாலு தடவைக்கு இருக்கும்மா. ஏன்?"

"அதான் புரியல. தினம் அந்த நம்பரைப் பாக்குறேன். நாளுக்கு நாலு குறையுது. தவறாமத்தான் அடிக்கிறாரு. ஆனா மூச்சு சரியில்லண்ணே."

"உன்கிட்ட சொன்னாரா?"

"அவரு சொல்லிட்டாலும்! எனக்குக் காது இருக்குல்ல?" ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஒரு கால்சட்டைக் காலுக்கு அடி மடிச்சு சுத்தி வர்ற நேரமும், அவரு ஒரு அறிவிப்பு சொல்லி முடிக்கிற நேரமும் சரியா இருக்கும். பதினெட்டு வருஷமா அதை வெச்சுத்தான் மிதிக்கிறேன். இப்ப என்னடான்னா, மேடை நம்பர் சொன்னதும் நிக்கிறாரு. நேரம் சொல்லிட்டு மறுபடி நிக்கிறாரு. ஊசி போய்க்கிட்டே இருக்கு, அவரு வரக் காணோம். நேத்து ரெண்டு கால்சட்டை கோணிப்போச்சு, பிரிச்சுத் தெச்சேன்."

"நீலத்தை எவ்வளவு அடிக்கிறாரு?"

"நீலமா? அது சட்டைப் பையில சும்மா கெடக்கு. எப்பவாவதுதான்னு எழுதிக் காமிச்சாரே."

நான் கணக்கு நோட்டைப் புரட்டினேன். "தங்கச்சி, இந்த ஒரு மாசத்துல மூணு நீலம் வாங்கிட்டுப் போயிருக்காரு."

"மூணா?"

"ஒண்ணு தொலைஞ்சுபோச்சுன்னாரு. ஒண்ணு கூண்டுல வைக்கன்னாரு. நானும் மாடு மாதிரி தலையாட்டிட்டுக் குடுத்துட்டேன்."

"நீங்க படிச்சவரு. ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்று இருந்தது.

"சரி, கேட்டதுக்குப் பதில் சொல்லு. பழுப்பை எப்படி அடிக்கிறாரு? நீ பாத்திருக்கியா?"

"பாக்க எங்க விடுறாரு? பாத்ரூம் கதவைச் சாத்திக்குவாரு. புஸ், புஸ். முடிஞ்சுது, வெளிய வந்துருவாரு."

"ரெண்டும் ஒட்டினாப்புலயா?"

"ஒட்டினாப்புலதான். ஏன்?"

நான் எழுந்து, காட்டுவதற்கென்று வைத்திருக்கிற காலி பம்பை எடுத்தேன். குலுக்கினேன். மூச்சை முழுக்க வெளியே விட்டேன். வாயில் வைத்து, மெதுவாக இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்தி, இழுத்து முடித்து, வாயை மூடிக்கொண்டு விரல் விட்டுப் பத்து எண்ணினேன். அப்புறம்தான் விட்டேன். அதற்குப் பிறகும் அரை நிமிடம் சும்மா நின்றேன். பிறகு மறுபடி குலுக்கினேன்.

அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நேரம் ஆகுமா, ரெண்டாவது புஸ்ஸுக்கு?"

"ஆகும்மா. உள்ள இழுத்தா ஆகும்."

"அப்ப அவரு இழுக்கல." மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னாள். "என் காதுல விழணும்னு அடிக்கிறாரு. நான் பாக்குற நம்பர் குறையணும்னு அடிக்கிறாரு. வாஷ்பேசின்ல அடிக்கிறாருண்ணே."

அப்போது வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகளின்... கனிவான... கவனத்திற்கு. மூன்றாவது மேடையிலிருந்து..."

நின்றது. அப்புறம் வார்த்தை வரவில்லை. விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும் நிலையத்தின் பன்னிரண்டு ஒலிபெருக்கிகளிலும் வந்தது. நீளமாக ஒன்று, அப்புறம் குட்டையாக, குட்டையாக.

"ஸ்பீக்கர் ஊத்திக்கிச்சுடா," என்று வாசலில் நின்ற ஒரு பையன் சிரித்தான்.

அவள் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். நான் ஒரு புது நீலப் பம்பையும், அதோடு பொருத்துகிற பிளாஸ்டிக் குடுவையையும் அள்ளிக்கொண்டு, கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். கண்ணில் மண்ணை வாரி அடித்தது காற்று. இரண்டு மாடி ஏறுவதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது.

கூண்டுக்குள் அவர் மேஜையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்திருந்தார். உதடு நிறம் மாறியிருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. கையிலிருந்த நீலப் பம்பை அழுத்திக்கொண்டே இருந்தார். அது காலி.

"படுக்க வைக்காதீங்க, உக்காந்தே இருக்கட்டும்," என்றேன். பம்பைக் குலுக்கிக் குடுவையில் மாட்டி வாயில் வைத்தேன். "ஒண்ணொண்ணா அடிக்கிறேன். அவசரமே இல்ல. இழுங்க. விடுங்க. இழுங்க." மேலாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். நான் இரண்டாவது அடித்தேன், மூன்றாவது அடித்தேன். குடுவை வாயிலிருந்து நழுவாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நிலைமையிலும் அவர் கையை நீட்டி நீட்டி எதையோ காட்டினார். எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. மைக். மூன்றாவது மேடை வண்டி. பாதியில் நின்ற அறிவிப்பு.

"வண்டி கெடக்குது, விடுங்க!" என்றாள். அவர் கை இறங்கவில்லை. இதற்காக இழுக்க வேண்டிய மூச்சையும் இழுக்காமல் இருந்தார்.

அவள் குனிந்து மைக்கைப் பிடித்தாள். பலகையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

"மூன்றாவது மேடையிலிருந்து மலைப்பாதை வழியாகச் செல்லும் வண்டி இன்னும் ஐந்து நிமிடங்களில் புறப்படும். பயணிகள் தங்கள் உடைமைகளைச் சரிபார்த்துக்கொண்டு வண்டியில் ஏறுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

வார்த்தை பிசகவில்லை. குரல்தான் ஆடியது. சொல்லி முடித்தவள் மைக்கை அணைக்கத் தெரியாமல் அப்படியே அவர் பக்கம் திரும்பினாள்.

"போதுமா? வண்டி போயிரும். நீங்க போயிராதீங்க."

அதுவும் பன்னிரண்டு ஒலிபெருக்கியிலும் போனது. கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். மூட்டை முடிச்சோடு நின்ற சனம் அத்தனையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. முதல்தடவையாக எல்லாரும் அந்தக் கூண்டைப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் ஆக்சிஜன் முகமூடியை எடுத்த பிறகு டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார். சின்ன வயது. கண்ணில் தூக்கம். வாஷ்பேசின் கதையை நாங்கள் முன்பே சொல்லியிருந்தோம்.

"பழுப்புப் பம்பை ஏன் நிறுத்தினீங்க?"

அவர் சட்டைப் பையைத் தடவினார், சீட்டுக்கு. டாக்டரம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "பேசுங்க. மெதுவா. குரல் ஒண்ணும் தேஞ்சு போயிடாது."

பேசினார். நான் அவ்வளவு பக்கத்தில் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை.

"குரல் கம்மிச்சு. நாக்குல, தொண்டையில வெள்ளை வெள்ளையா படிஞ்சுது. கண்ணாடில பாத்தேன். பழுப்பு அடிக்க ஆரம்பிச்சப்புறம்தான் இதெல்லாம். நிறுத்திப் பாத்தேன். சரியாயிடுச்சு."

"அடிச்சு முடிச்சதும் என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன். தண்ணி குடிக்க மாட்டேன். அரை மணி நேரம் எச்சில்கூட விழுங்காம இருப்பேன். தொண்டையில நல்லா ஊறட்டும்னு. மைக்குக்கு முன்னாடி தொண்டைக்கு ஒரு பூச்சு மாதிரி..."

"பூச்சா!" டாக்டரம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "அது நுரையீரலுக்குப் போற மருந்துங்க. தொண்டையில தங்கினது பூஞ்சை பிடிக்க வெச்சு உங்களுக்கு எதிரியாயிடும். அதை ஊற வேற வெச்சிருக்கீங்க. நிறுத்தினதும் தொண்டை சரியாச்சு, வாஸ்தவம். உள்ள மூச்சுக்குழாய் கொஞ்சம் கொஞ்சமா வீங்கிக்கிட்டே வந்துச்சு. அது சத்தம் போடாது. நீலம் அப்பப்ப திறந்துவிடும், வீக்கத்தைக் குறைக்காது. நீலம் அடிக்கடி தேவைப்படுதுன்னா அன்னைக்கே இங்க வந்திருக்கணும்."

"இப்ப மறுபடி அடிச்சா குரல்?"

"குடுவை வெச்சு அடிங்க. தொண்டையில படியறது குறையும். முடிச்சதும் ஒரு வாய்த் தண்ணி. தொண்டைவரைக்கும் நல்லா கொப்பளிச்சுத் துப்பிடுங்க, விழுங்காதீங்க. அப்புறமும் தொந்தரவு வந்தா என்கிட்ட வாங்க, அளவை மாத்தலாம். நீங்களா நிறுத்தாதீங்க. இதை யாருமே சொல்லலையா உங்களுக்கு?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். "நான்தான் சொல்லல," என்றேன். ஒரு வாய்த் தண்ணீர். குழாயைத் திறந்தால் வருகிறது.

டாக்டரம்மா போன பிறகு அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "இவ்வளவு பேச வருதுல்ல? டாக்டர்கிட்ட சொன்னதை என்கிட்ட ஒரு சீட்டுல எழுதியிருக்கலாம்ல? வெள்ளையா இருக்குன்னு எழுத ஒரு இத்துனூண்டு தாள் போதுமே."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "கிடங்குக்கு மாத்திட்டா... நீ ஜன்னல்ல உக்காந்திருப்ப. உனக்கு என்ன கேக்கும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மனுஷன் பதினெட்டு வருடமாக அவளோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், ஒலிபெருக்கி வழியாக. வீட்டில் பேசினால் அந்தப் பேச்சுக்குக் குறைந்துபோகும் என்று பயந்திருக்கிறார். பைத்தியக்கார மனுஷன்!

"எனக்குன்னு நீங்க பேசினது ஒண்ணுகூட அதுல வரலையே," என்று அவள் அழுதாள். நான் டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒரு மாதம் ஓய்வு. கூண்டில் வேறொருவர் பேசினார்; ஒலிபெருக்கி என் கடை வாசலிலேயே இருந்தும் ஒருநாளும் காதுகொடுக்கத் தோன்றவில்லை. அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தைத்தாள் என்று கேள்விப்பட்டேன். என் கடையில் இப்போது எந்தப் பம்பு வாங்கினாலும், மழையோ கூட்டமோ, செய்து காட்டாமல் விடுவதில்லை. தினம் அடிக்கிற பம்பு என்றால் கொப்பளிக்கிற கதையையும் சொல்லாமல் விடுவதில்லை. சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

மாதம் முடிந்த மறுநாள் காலை மூன்றாவது மேடை வண்டியை அவரே அறிவித்தார். ஒரே மூச்சு. அன்று சாயங்காலம் அவள் புதுப் பழுப்பு வாங்க வந்தாள்.

"குரல் திரும்பிடுச்சுண்ணே."

"கேட்டேன், கேட்டேன். வீட்டுல பேசுறாரா?"

"வீட்டுல சீட்டுதான்." சிரித்தாள். "பழகிப்போச்சு அவருக்கு. ரெண்டு நாள் பேசிப் பாத்தாரு, என்ன பேசுறதுன்னு தெரியாம முழிச்சாரு. எனக்கும்தான் தெரியல. விட்டுட்டோம்."

நான் பம்பை உறையில் போட்டேன்.

"ஆனா ஒண்ணு. இனிமே பாத்ரூம் கதவைச் சாத்தற வேலையே கூடாதுன்னுட்டேன். காலையிலயும் சாயங்காலமும் என் முன்னாடி நின்னுதான் அடிக்கணும். நான் எண்ணுவேன். வாயில குடுவை இருக்கே, வேற எங்க பாக்குறது? என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. அப்புறம் கொப்பளிப்பாரு பாருங்க, கொலகொலன்னு! வீட்டுல எனக்குன்னு அவரு போடுற சத்தம் அது ஒண்ணுதான்."

"பத்து வரைக்கும் எண்ணுறியா?"

"பத்தை சரியா எண்ணிருவேன், பாவம், மூச்சைப் பிடிச்சிருக்காருல்ல? ரெண்டு அடிக்கும் நடுவுல சும்மா நிக்கணும்னீங்களே, அதைத்தான்..." அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டாள். "அதை நூறு வரைக்கும் எண்ணுறேன்."

"நூறா?"

"மெதுவாத்தான் எண்ணுறேன். அவரும் நிக்கிறாரு. ஒண்ணும் தப்பில்லையேண்ணே?"

முப்பது போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பே இல்லம்மா," என்றேன். "நூறு வேணும்."